காந்தம் தொடாத இரும்பு

கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய அந்த உருக்காலையில், பழைய இரும்பு வந்து குவியும் யார்டில் பதினாலு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி பச்சையம்மா. எழுபத்தேழாம் வருஷம் அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் ஏரிக்குக் கீழே இருந்த ஒரு ஏக்கர் நெல்லைப் பார்த்துக்கொள்ள, அவள் தினமும் கவரைப்பேட்டையில் பாசஞ்சர் ரயிலேறி வேலைக்கு வருவாள். வேகன்களில் வந்து இறங்கும் அறுத்த கப்பல் தகடு, முறிந்த தண்டவாளம், பாய்லர் ஓடு, பல் உடைந்த சக்கரம் எல்லாவற்றையும் பாண்டுச் சட்டியில் வாரிச் சும்மாடு வைத்துச் சுமந்து, உலைக்குப் போகும் தொட்டியில் கொட்டவேண்டும். கையில் கோணித்துணியைச் சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் விரலெல்லாம் எரியும்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று யார்டுக்குள் வந்தது. தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே கறுப்பாக, வட்டமாக ஒரு கனத்த சாமான். கல்யாணச் சமையல் அண்டாவுக்கு இரும்பிலே மூடி வார்த்த மாதிரி இருந்தது. மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும்.

"இனிமே உங்க தலைக்கு ரெஸ்டு," என்றான் மேஸ்திரி சடையப்பன். "இது ஒரு தபா குனிஞ்சு நிமிந்தா, நீங்க பதினாலு பேரும் ரெண்டு நடை நடக்கறத தூக்கிடும்."

"அப்போ நாங்க?" என்று கேட்டாள் எல்லம்மா.

அவள் பச்சையம்மாவின் தெருக்காரி, நாலு வயது இளையவள். யார்டில் எந்தக் கேள்வியாக இருந்தாலும் முதலில் வருவது அவள் வாயிலிருந்துதான். சடையப்பன் தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துக் கறுப்பு மூடி, தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கொக்கியில் மூன்று சங்கிலிகளால் தொங்கியது. கிரேன் ஓட்ட மணவாளன் என்று ஒருவன் வந்திருந்தான். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. மெட்ராஸ் துறைமுகத்தில் எட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன். யாரிடமும் அதிகம் பேசாமல் ஏணியில் ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டான். இன்ஜினியர் வீரராகவன் கீழே நின்று கையைக் காட்டினார்.

மூடி மெல்ல இறங்கி இரும்புக் குவியலுக்கு ஒரு முழம் மேலே நின்றது. மேலே மணவாளன் எதையோ திருப்பினான். ம்ம்ம் என்று ஒரு முனகல் கேட்டது. அடுத்த நொடி, குவியல் எழுந்தது. யாரும் கட்டவில்லை, கவ்வவில்லை. கொக்கி இல்லை, கயிறு இல்லை. தகடும் கம்பியும் ஆணியும் சக்கரமும் ஒரே தாவாகத் தாவி மூடியின் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு, கிணுகிணுவென்று அடங்கின. தாடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது அதற்கு. அந்தத் தாடியோடு அது மேலே போனது, நகர்ந்தது, தொட்டிக்கு மேலே நின்றது. முனகல் நின்றதும் தொபதொபவென்று எல்லாம் கொட்டியது. கடைசியாக நாலைந்து ஆணிகள் போக மனசில்லாத மாதிரி ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு அவையும் உதிர்ந்தன.

பெண்கள் வாயில் கை வைத்தபடி நின்றார்கள். ஞானம்மா என்ற கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பச்சையம்மா தன்னையறியாமல் பக்கத்தில் போய்விட்டாள். வெள்ளைக்கோடு போட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்துகிற வழக்கம் அப்போது வரவில்லை. மூடி மறுபடி இறங்கியபோது மூன்றடி தூரத்தில் நின்றிருந்தாள். முனகல் தொடங்கியதும் அவள் மார்பில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகள் இரண்டும் எழுந்து, மூடி இருந்த திசையைப் பார்த்து நேராக நின்றன. தாலிப் பொட்டு அசையவில்லை, மணி அசையவில்லை. ஊக்குகள் மட்டும், பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள் மாதிரி நின்றன. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் உடம்புக்குள் புகுந்து, தன்னை விட்டுவிட்டு ஊக்கை மட்டும் தேடிப் பிடித்திருக்கிறது என்ற நினைப்பு.

அவள் இன்ஜினியரிடம் போனாள். அதுவரை அவரோடு பேசியதே இல்லை.

"சார், அதுக்குள்ள இன்னா கீது?"

வீரராகவன் சிரித்தார். "செப்புக் கம்பிம்மா. ஆயிரக்கணக்கான சுத்து சுத்தி வச்சிருக்கு. அதுல கரண்ட் ஓடினா காந்தம். நிறுத்தினா வெறும் இரும்பு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். பச்சையம்மாவுக்கு அது அவ்வளவோடு முடியவில்லை. ஏதாவது சாமி இருக்கிறது, பேய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வெறும் கம்பியும் கரண்டும் சேர்ந்தால் இப்படி ஒரு பிடி வருமா? ரயிலில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். இதுவும் அந்த இரும்புதானே, இதற்குள்ளும் கூப்பிட்டால் எழுந்துவர ஏதோ ஒன்று தூங்குகிறதா?

"நீ அதையே கண்ணாலம் கட்டிக்கோக்கா," என்றாள் எல்லம்மா. "கறுப்பா, குண்டா, வாயத் தொறக்காம வேலை செய்யுது. ஊட்ல கீற ஆம்பளைக்கு இது எவ்ளோ மேல்."

பெண்களை உடனே நிறுத்திவிடவில்லை. காந்தம் எடுக்காமல் விட்டுப்போனதைப் பொறுக்குகிற வேலை அவர்களுக்கு வந்தது. பித்தளைக் குழாய், தாமிரக் கம்பி, அலுமினியத் துண்டு இவற்றையெல்லாம் அது சட்டை செய்யாது. இவற்றோடு இன்னொன்றும் கிடந்தது. பார்த்தால் இரும்பு, தூக்கினாலும் இரும்பின் கனம். ஆனால் காந்தத்தை மேலேயே வைத்து அழுத்தினாலும் ஒட்டாது. ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் போடும் வார்ப்புகள், கல் உடைக்கிற மிஷினின் தாடைகள் எல்லாம் அந்த ரகம். மாங்கனீஸ் கலந்த இரும்பு என்றார் இன்ஜினியர். பெண்கள் வாயில் அது மாங்கா இரும்பு ஆயிற்று. கொஞ்சம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், அடிபட்ட இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. பத்து நாளில் பச்சையம்மா தூரத்திலிருந்தே அதை அடையாளம் சொல்லிவிடுவாள்.

சோறு சாப்பிடும்போதும் அவள் கிரேனைப் பார்த்தபடிதான் உட்காருவாள். தட்டையான தகடு என்றால் காந்தம் கெட்டியாகப் பிடிக்கும், கோணல்மாணலான கம்பி என்றால் பாதிதான் வரும் என்பதைக் கண்டுகொண்டாள். மணவாளன் கைப்பிடியைப் பாதி திருப்பினால் முனகல் சின்னதாகும், பிடியும் சின்னதாகும். முழுசாய்த் திருப்பினால் மூலையில் கிடக்கிறதெல்லாம் துள்ளும். குவியலின் ஒரே பக்கத்திலிருந்து அவன் அள்ளிக்கொண்டு வந்ததில், மீதிக் குவியல் செங்குத்தாக நிற்பதையும் கண்டாள்.

"மேஸ்திரி, அந்தப் பக்கம் வெறும் சுவராட்டம் நிக்குது," என்று சடையப்பனிடம் சொன்னாள். "சரிஞ்சிடும்."

"உன் வேலையப் பாரு. இரும்புக்கு எங்க போவணும்னு தெரியும்."

அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அது சரிந்தது.

வேகன் கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். துருத் தூசி எழுந்து வெயிலையே சிவப்பாக்கிவிட்டது. தூசி அடங்கியபோது பதிமூன்று பெண்கள் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். எல்லம்மா இல்லை. குவியலின் அடியில் பித்தளை பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள்.

எல்லோரும் ஓடினார்கள். கையில் கிடைத்ததைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களில் குணசுந்தரி என்பவள் ஒரு கம்பியை உருவியதும் மேலேயிருந்து ஒரு பாய்லர் ஓடு அரையடி சறுக்கி இறங்கியது. அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யார்டி அது ஆட்றது! என் தலைமேல இறங்குது!"

"தொடாதீங்க!" என்று கத்தினாள் பச்சையம்மா. "யாரும் எதையும் தொடாதீங்க!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவள் குவியலோடு முகத்தை ஒட்டவைத்து இடுக்கில் பார்த்தாள். உடைந்த பாய்லரின் வளைந்த ஓடு ஒன்று குடை மாதிரி கவிழ்ந்திருந்தது. அதற்கடியில் எல்லம்மாவின் தோளும் ஒரு கையும் தெரிந்தன.

"எல்லு, உசிரோட கீறியா?"

"செத்தவளா பேசறா? காலு மாட்டிக்கினு கீதுக்கா. அசைக்க முடியல."

வீரராகவன் ஓடிவந்தார். மேலே கூண்டிலிருந்து மணவாளன் தலையை நீட்டினான். "சார், ஒண்ணொண்ணா எடுத்துடலாம். ஆனா எனக்கு மேல் பக்கந்தான் தெரியுது. எது மேல எது உக்காந்துகினு கீதுன்னு கீழ இருந்து யாராவது சொல்லணும்."

வீரராகவன் சடையப்பனைப் பார்த்தார். சடையப்பனின் முகம் வெளுத்திருந்தது. அவன் கெட்டவனில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவனால் கையைத் தூக்க முடியவில்லை.

"நான் சொல்றேன்," என்றாள் பச்சையம்மா.

வேறு யாரும் முன்வரவில்லை. மணவாளன் மேலேயிருந்து அவளுக்கு மூன்று சைகை சொல்லிக்கொடுத்தான். விரலைச் சுற்றினால் மேலே. உள்ளங்கையைத் தாழ்த்தினால் கீழே. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. மீதி எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நீட்டு.

"ஒண்ணு சொல்றேன்," என்றான் கடைசியாக. "கரண்ட் போச்சுனா பிடிச்சிக்கினு இருக்கறதெல்லாம் விழுந்துடும். அதுக்கு அடியில மட்டும் போயிடாத."

அந்த வருஷம் கரண்ட் வெட்டுக்கு அளவே இல்லை. அன்றைக்கு அந்த வட்டாரத்துக்கு வெட்டு பன்னிரண்டு மணிக்கு. வீரராகவன் ஆபீசுக்கு ஓடிப்போய் சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. "உள்ள ஒரு பொம்பள இருக்கான்னு சொன்னேன். 'நீங்க முடிச்சிட்டு போன் பண்ணுங்க, அதுவரைக்கும் நான் கை வைக்க மாட்டேன்'னு சொல்லிட்டான். யாரு என்னன்னு கேக்கறதுக்குள்ள வச்சிட்டான்."

பச்சையம்மா கையைத் தூக்கினாள்.

அந்தக் கறுப்பு மூடி அவள் கைக்குக் கீழ்ப்படிந்து வந்தது. அதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சும்மா உள்ளங்கையைத் தாழ்த்தினாள், அவ்வளவு பெரிய கனம் வானத்திலிருந்து இறங்கியது. முஷ்டியை மடக்கினாள், நின்றது. முதலில் உச்சியில் இருந்த ஒரு தகரத் தகடு. காந்தம் அதைத் தொட்டுக்கொண்டு நின்றபிறகுதான் மணவாளன் கரண்டைத் திருப்பினான், அதுவும் கால்வாசி. முனகல் கேட்டதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லிய சத்தம். தகடு மட்டும் எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தவை இலேசாக நடுங்கி அடங்கின. அரை டன்னை அனாயாசமாகத் தூக்குகிற அது, பாலில் விழுந்த முடியைப் பெண்கள் விரல் நுனியால் எடுப்பது போல ஒற்றைத் தகட்டை எடுத்துப் போய் ஓரத்தில் வைத்தது.

அடுத்து ஒரு சக்கரம். அடுத்து முறுக்கிய கம்பிக்கட்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பச்சையம்மா குவியலைச் சுற்றிவந்து, இடுக்குகளில் குனிந்து பார்ப்பாள். இதை எடுத்தால் எது இறங்கும்? இது எதன்மேல் சாய்ந்திருக்கிறது? நாள் தவறாமல் இரும்பைத் தலையில் சுமந்தவளுக்கு அது கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. எந்தத் தகடு எவ்வளவு கனம், எது எந்தப் பக்கம் புரளும் என்பதெல்லாம் அவள் கழுத்துக்கே பழக்கம்.

குவியல் குறையக் குறைய, காந்தம் எல்லம்மாவை நெருங்கியது. இப்போது வேறு பயம் வந்தது. எல்லம்மாவைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பிகளும் கூரான துண்டுகளும் கிடந்தன. மேலேயிருந்து இழுத்தால் அவை துள்ளும், முகத்தில் பாயும். எவ்வளவு கிட்டே போகலாம் என்று மணவாளனுக்கும் தெரியாது, இன்ஜினியருக்கும் தெரியாது.

பச்சையம்மாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"எல்லு! உன் தாலிக்கயித்துல ஊக்கு கீதா?"

"இப்போ ஊக்கு கேட்கறியேக்கா! உனுக்கு இன்னா கிழிஞ்சு போச்சு?"

"கீதா இல்லியா சொல்லுடி!"

"மூணு கீது."

"அதையே பாத்துக்கினு இரு. அது அசைஞ்சுதுனா உடனே கத்து."

வீரராகவன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அப்படித்தான் மீதி வேலை நடந்தது. காந்தம் இறங்கும், தொடும், முனகும். உள்ளேயிருந்து எல்லம்மா சொல்லுவாள்: "சும்மா கீது... சும்மா கீது... அக்கா, ஒண்ணு தலையைத் தூக்குது!" பச்சையம்மாவின் முஷ்டி மடங்கும். மணவாளன் கைப்பிடியை ஒரு நூல் குறைப்பான். "படுத்துடுச்சு," என்று குரல் வரும். அவள் விரலைச் சுற்றுவாள். இரும்புக்குள் புதைந்து கிடந்த ஒருத்தியின் கழுத்து ஊக்கு, முப்பது அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தவனின் கைக்கு வழி சொன்னது. இடையில் இருந்த பச்சையம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஆனால் கை மட்டும் ஆடவே இல்லை. தன் கையா இது என்று அவளுக்கே அதிசயம்.

பன்னிரண்டு மணிக்கு ஆலையின் சங்கு ஊதியது. எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். பக்கத்து ஆலைகளில் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல் நிற்கவில்லை. முகம் தெரியாத அந்த மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

பாய்லர் ஓடு கடைசியில் எழுந்தது. பெரிய ஓடு. அதற்கு முழுக் கரண்ட் வேண்டியிருந்தது. அதற்கு முன்பே பச்சையம்மா எல்லம்மாவைச் சுற்றிக் கைக்கெட்டிய துண்டுகளையெல்லாம் குச்சியால் இழுத்து எடுத்துவிட்டு, ஈரக் கோணிகளை அவள் முகத்துக்கும் உடம்புக்கும் போர்த்தியிருந்தாள். ஓடு ஆடாமல் அலுங்காமல் மேலே போனதும் பளீரென்று வெயில் அவள்மேல் விழுந்தது. எல்லம்மா கோணியை விலக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அம்மாடி," என்றாள்.

பார்த்தவர்கள் சந்தோஷத்தில் சத்தம் போட்டார்கள். ஆனால் அவள் வலது கால்மேல் இன்னும் ஒன்று கிடந்தது. அம்பு முனை மாதிரி ஒரு பக்கம் கூம்பிய, நீளமான வார்ப்பு. அதன் அடியில் கம்பிகளும் தகட்டுத் துண்டுகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"இதுதான் கடைசி," என்றார் வீரராகவன். "மணவாளா, ஃபுல் கரண்ட் குடு. ஒரே தூக்கா தூக்கிடு."

காந்தம் இறங்க ஆரம்பித்தது. பச்சையம்மா இரண்டு முஷ்டிகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். காந்தம் பாதி வழியில் நின்று ஆடியது.

"வேணாம் சார்."

"ஏம்மா? நேரமாகுது!"

"அது மாங்கா இரும்பு சார். நீலம் பாருங்க. அது வராது. அதுக்கு அடியில கீற கம்பியெல்லாந்தான் மேல எழும்பும். மேல இது அசையாது, கீழ இருந்து அது நெட்டும். இவ காலு நடுவுல மாட்டிக்கும்."

வீரராகவன் குனிந்து பார்த்தார். அந்த வார்ப்பின் அடிபட்ட விளிம்பு கண்ணாடி போல மின்னியது. காதோரம் வேர்வை வழிந்தது. "ஆமா," என்றார் பிறகு, குரல் இறங்கி. "ஆமாம்மா. நான் பாக்கல."

காந்தத்தைத் தள்ளிக்கொண்டுபோய்த் தரையில் வைத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள். வெறும் கொக்கி திரும்பி வந்தது. இரும்புக்கயிறு ஒன்றை அந்த வார்ப்பின் நடு ஓட்டைக்குள் விட்டுக் கட்டவேண்டும். அதற்கு உள்ளே நுழைய வேண்டும். ஆண்கள் நுழைகிற அளவு இடம் இல்லை. பச்சையம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வயிற்றில் ஊர்ந்து போனாள்.

உள்ளே அடுப்புக்குள் நுழைந்த மாதிரி சூடு. துரு வாடை. எல்லம்மாவின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. இவ்வளவு நேரம் வாயடித்தவளின் கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, காலு கீதா பாரு. எனுக்குத் தெரியவே இல்ல."

பச்சையம்மா பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நசுங்கி, பாவாடை ரத்தத்தில் ஊறியிருந்தது. பாதம் அசைந்தது.

"கீதுடி. அங்கதான் கீது. வெரலை ஆட்டு. ஆடுது பார்."

கயிற்றை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் இழுத்து, வீரராகவன் சொன்னபடி கொக்கியில் மாட்டக் கொடுத்தாள். வெளியே வந்து விரலைச் சுற்றினாள். இந்தத் தடவை முனகல் இல்லை. கொக்கியும் கயிறும் மட்டும் விறைத்தன. மாங்கா இரும்பு ஒரு விரற்கடை, அரை முழம், ஒரு முழம் எழுந்து ஓரமாகப் போனது. நாலு பெண்கள் எல்லம்மாவின் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

ஆலை ஜீப்பில் அவளைப் பெஞ்சுப் பலகையோடு படுக்கவைத்து மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் கிளம்பிய பிறகு வீரராகவன் சப் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். "எடுத்துட்டோம். உயிரோட," என்று சொல்வதை ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, கரண்ட் போயிற்று. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கி, அந்தத் தொழிற்பேட்டை முழுக்க அமைதியானது. தூரத்தில் ரயில் போகும் சத்தம்கூடக் கேட்டது.

மணவாளன் ஏணியில் இறங்கி வந்தான். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க நைனாகூட ஏரியில வலை போடுவேன்," என்றான். "கண்ணுக்குத் தெரியாது, கயித்துல கை வச்சா உள்ள இன்னா கீதுன்னு தெரியும். இதுல அதுவும் இல்லக்கா. கண்ணாடிக்கு வெளிய உன் கை மட்டுந்தான் தெரிஞ்சுது."

பச்சையம்மா தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவனிடம் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு தரையில் வைத்திருந்த காந்தத்தினிடம் போனாள். யாரும் தடுக்கவில்லை. குனிந்து அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். சூடாக இருந்தது. நாள் முழுக்க ஏர் இழுத்துவிட்டு வந்த மாட்டின் முதுகு மாதிரி, உள்ளேயிருந்து வரும் சூடு. அவள் கையை எடுக்கவில்லை. ஒன்றும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. இவ்வளவு பலத்தையும் வைத்துக்கொண்டு ஒரு தகரத்தை அப்படி மெதுவாகத் தூக்கியதே என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது.

எல்லம்மாவின் கால் தப்பியது. ஆனால் இரண்டு தடவை அறுத்துத் தைத்ததில் அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அந்த வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் தன் ஊக்கு கதையைச் சொன்னாள். சொல்லச்சொல்ல ஊக்குகள் ஆறாயின, எட்டாயின. தீபாவளிக்குப் பிறகு வேலைக்கு வந்தவளுக்கு உட்கார்ந்து பித்தளை பிரிக்கிற வேலை கொடுத்தார்கள். பதினாலு பேரில் ஐந்து பேரை அந்த வருஷக் கடைசியில் நிறுத்தியும் விட்டார்கள். ஞானம்மா ஊரோடு போய்விட்டாள். அந்த வருத்தம் பச்சையம்மாவுக்கு இருந்தது.

குவியலை நாலு பக்கமும் சமமாக எடுக்கவேண்டும், காந்தம் ஓடும்போது வெள்ளைக்கோட்டைத் தாண்டி யாரும் நிற்கக்கூடாது, கீழே ஒருவர் நின்று சைகை காட்டாமல் கிரேன் நகரக்கூடாது என்றெல்லாம் புதுச் சட்டம் வந்தது. யார் சைகை காட்டுவது என்று பேச்சு வந்தபோது சடையப்பன்தான் முதலில் சொன்னான்.

"பச்சையம்மாவே நிக்கட்டும் சார். அன்னிக்கு எனக்குக் கை வரல."

மஞ்சள் தொப்பியும் சிவப்புக் கொடியும் கொடுத்தார்கள். தொப்பி கொண்டைமேல் உட்காராமல் பாடாய்ப் படுத்தியது. கொண்டையைத் தாழ்த்திப் போட்டுக்கொள்ளப் பழகினாள். கிரேனில் புது ஆட்கள் வந்தார்கள், மணவாளனுக்கும் ஷிப்டு மாறியது. கீழே நிற்கிறவள் மட்டும் மாறவில்லை.

எல்லம்மா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தடியை ஊன்றிக்கொண்டு வெள்ளைக்கோடு வரை வந்து நின்றாள். காந்தம் குவியல்மேல் இறங்கியது, முனகியது, குவியல் தாவி ஒட்டிக்கொண்டது. அவள் அதை முன்பு எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள், கிண்டல் பண்ணியிருக்கிறாள். இன்றைக்குப் பேச்சே இல்லை. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, வாய் அடைச்சிப் போச்சு?" என்று கேட்டாள் பச்சையம்மா, கையை இறக்காமல்.

"அன்னிக்கு அடியில கிடந்தப்போ சத்தம் மட்டுந்தான் கேட்டுதுக்கா," என்றாள் எல்லம்மா. "இவ்ளோ பெருசுன்னு மறந்தே பூட்டேன்."

வேகன் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பச்சையம்மா அவளை ஒரு அடி பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, மேலே கூண்டைப் பார்த்து விரலைச் சுற்றினாள்.